ஜாக்கி எலியா வீட்டுக்குப் படி இல்லை

பாறசாலையில் பனச்சமூட்டு பஸ்ஸில் ஏறி, ஜாக்கி எலியா வீட்டுப் பக்கம் இறக்கி விடுங்கள் என்று சொன்னால் கண்டக்டர் மேற்கொண்டு ஒரு கேள்வி கேட்க மாட்டார். எலியா என்று பேருள்ளவர்கள் எங்கள் சபையில் தடுக்கி விழுந்தால் உண்டு. ஜாக்கி எலியா ஒருவர்தான். அவருக்கு வாழ்க்கைப்பட்டவள் நான், பேர் ரத்னபாய். கழுத்து நீட்டிய நாள் முதல் அந்தச் சொல்லோடு சேர்த்துத்தான் குடித்தனம் நடத்துகிறேன். அதனால் ஜாக்கியைப் பற்றிப் பேச எனக்கு இல்லாத உரிமை வேறு எவருக்கும் இல்லை.

முதல் அர்த்தம் இரும்பு. லாரியின் டயரைக் கழற்றுவதற்கு முன்னால் அச்சுக்கு அடியில் வைத்துத் திருகி வண்டியை உயர்த்துவார்களே, அந்த ஜாக்கி. எங்கள் கல்யாணம் நடந்த காலத்தில் அவர் பனச்சமூட்டில் பங்சர் கடை வைத்திருந்தார். மாநில எல்லை என்பதால் இரண்டு பக்கத்து லாரிகளும் அங்கே வந்து நிற்கும். ஆணிக்கு மாநிலம் கிடையாது, எல்லார் டயரிலும் ஏறும். பழைய ஜாக்கி எங்கே விலைக்கு வருகிறது என்று கேள்விப்பட்டாலும் ஓடிப்போய் வாங்கி, துரு தேய்த்து, கிரீஸ் போட்டு அடுக்கி வைப்பார். ஊரில் ஆண்கள் கோழி வளர்த்தார்கள், புறா வளர்த்தார்கள். எனக்கு வாய்த்தவர் ஜாக்கி வளர்த்தார்.

இரண்டாவது அர்த்தம் வாய். ஒருவரை ஒன்றுமில்லாததற்கெல்லாம் புகழ்ந்து உயரத்தில் ஏற்றி வைப்பதை ஜாக்கி போட்டுத் தூக்குவது என்பார்கள் இல்லையா, அந்த வேலையில் இவருக்கு ஜோடி நெய்யாற்றின்கரை தாலுகாவில் கிடையாது. பாட்டுக் குழுவில் சுருதி தவறிப் பாடுகிறவரைப் பிடித்து நிறுத்தி, உங்க தொண்டையில தேனாக்கும் இருக்கு என்பார். அந்த மனிதர் அடுத்த ஞாயிறு இன்னும் சத்தமாகப் பாடி எல்லார் காதையும் கெடுப்பார். சம்பந்தம் பேசப் போகிறவர்கள் இவரைக் கூட அழைத்துப் போவது வழக்கம். ஒருமுறை ஒரு மாப்பிள்ளைப் பையனைப் பற்றிச் சொல்ல யாருக்கும் ஒரு வார்த்தை அகப்படவில்லை. பகல் முழுக்கத் தூங்குகிற பையன். இவர் மிக்சரைக் கொறித்துக்கொண்டே, பையனுக்க பொறுமை வேற யாருக்கும் வராது என்றார். கல்யாணம் நடந்தது. இன்றைக்கும் அந்தப் பெண் சந்தையில் என்னைப் பார்த்தால், பொறுமைக்காரர் வீட்டில் உறங்குகிறார் மாமி என்று சொல்லிச் சிரிப்பாள்.

மூன்றாவது அர்த்தம் சீட்டு. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து சாப்பிட்டதும் கொத்தனார் பொன்னப்பன் அண்ணன் வீட்டு முற்றத்தில் இருபத்தெட்டு என்கிற சீட்டாட்டம் ஆடுவார்கள். அந்த ஆட்டத்தில் ராஜாவுக்கும் ராணிக்கும் புள்ளியே இல்லை, ஜாக்கிக்குத்தான் எல்லாவற்றையும் விட அதிகம். இந்தச் சீட்டைக் கண்டுபிடித்தவன் பங்சர் கடைக்காரனாக்கும் என்று இவர் சொல்லாத ஞாயிறு இல்லை.

எங்கள் மகள் அஜிஷா நெய்யாற்றின்கரையில் ஒரு லேப்பில் வேலை பார்க்கிறாள். ஒருநாள் போனில் அந்தச் சொல்லைத் தேடி எடுத்து வாசித்துக் காட்டினாள். வெள்ளைக்கார நாட்டில் ஜாக் என்பது வெறும் ஆள் பேராம். பேர் தெரியாத எந்தச் சாதாரண மனிதனையும், எடுபிடி வேலை செய்கிறவனையும் அப்படித்தான் கூப்பிடுவார்களாம். பிறகு, ஆள் செய்கிற வேலையைச் செய்கிற சாமானுக்கும் அதே பேரை வைத்துவிட்டார்களாம். கோயில் மைக்கின் வயரைச் செருகுகிற ஓட்டைக்கும் அதே பேர், கப்பலில் பறக்கிற சின்னக் கொடிக்கும் அதே பேர். பலாப்பழத்துக்கும் அதுதான். ஆனால் பழத்தின் பேர் மட்டும் அங்கிருந்து வந்ததில்லையாம். நம் சக்கை என்கிற சொல்தான் கப்பலேறிப் போய் அப்படி ஆகியிருக்கிறதாம். இவர் கண் பிரகாசமாகிவிட்டது. அன்று சாயங்காலம் வீட்டைச் சுற்றியுள்ள விளையில் நிற்கிற சக்கை மரத்தடியில் போய் நின்று, நாங்க ரெண்டு பேரும் ஒரே பேராக்கும் என்று பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அவரும் தலையாட்டினார். என்ன செய்வார் பாவம், போன வாரம்தான் இவர் அவருடைய வாழைக்குலையை வாயாரப் புகழ்ந்திருந்தார்.

இனிமேல்தான் விஷயம். பெருவெள்ளம் வந்ததற்கு அடுத்த வருஷம், காட்டாக்கடைப் பக்கம் ஒரு வீட்டைத் தூக்குவதற்கு வடக்கே ஹரியானாவிலிருந்து ஒரு கூட்டம் வந்தது. வீட்டை இடிக்காமல், பிரிக்காமல், உள்ளே ஆள் இருக்கும்போதே அப்படியே மேலே எழுப்புகிற வேலை. சுவரின் அடியில் கொஞ்சம் கொஞ்சமாக மண்ணைத் தோண்டி, இரும்புச் சேனலைச் செருகி, அதற்குக் கீழே நெருக்கமாக ஜாக்கிகளை வரிசை வைப்பார்கள். ஒருவர் விசில் அடிக்க, எல்லாரும் ஒரே நேரத்தில் ஒரே அளவு திருக வேண்டும். ஒருத்தன் கூடுதலாகத் திருகினாலும் சுவர் விரியும், குறைத்துத் திருகினாலும் விரியும். வீடு நூல் நூலாக மேலே வர வர, கீழே விழுகிற இடைவெளியைக் கட்டி நிரப்பிக்கொண்டே போவார்கள்.

வந்தவர்களுக்கு ஜாக்கி போதவில்லை. விசாரித்துக்கொண்டு இவரிடம் வந்தார்கள். கடையிலிருந்த அத்தனை ஜாக்கியையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு, கொடுத்திட்டு இப்ப வாறேன் என்று போனவர், அந்த வீடு முழுதாக எழும்பிய பிறகுதான் திரும்பி வந்தார். வந்தவர் முகத்தில் அப்படியொரு வெளிச்சம். சோற்றைக்கூடத் தொடாமல் என்னிடம் சொன்னார்:

"ரத்தினம், லாரியைத் தூக்கினா டிரைவரு ஓட்டிக்கிட்டுப் போயிருவான். வீட்டைத் தூக்கினா ஒரு குடும்பமாக்கும் மேல வருது."

அதோடு பங்சர் கடைக்கு ஷட்டர் போட்டாயிற்று. பொன்னப்பன் அண்ணனைக் கூட்டுச் சேர்த்தார். கல்லுக் கட்டுகிற வேலை தெரிந்தவர், அளவு தப்பாதவர், பேச்சுக் குறைந்தவர். ஜார்கண்டுப் பையன்கள் சிலர் வந்து சேர்ந்தார்கள். எங்கள் பக்கத்தில் இந்த வேலைக்கு ஆறு பெருக வேண்டும் என்றுகூட இல்லை. ஒவ்வொரு எலெக்ஷனுக்கும் ரோட்டின் மேலேயே மறுபடி தார் போடுகிறார்கள். ரோடு வளர்கிறது, வீடு வளர்வதில்லை. ஒரு காலத்தில் படியேறிப் போன வீட்டுக்குள் இப்போது இறங்கிப் போக வேண்டியிருக்கிறது, மழைத் தண்ணீரும் அப்படியே கூட இறங்குகிறது.

இந்த வேலையில் அவருக்கென்று ஒரு முறை உண்டு. முதல் திருகல் திருகும்போது அந்த வீட்டுப் பெண் அடுக்களையில் நின்று வேலைக்காரர் எல்லாருக்கும் கட்டன் போட வேண்டும். கட்டன் என்றால் பால் விடாத சாயா. அந்தக் கட்டனைக் குடித்துவிட்டுத்தான் அடுத்த திருகல். இது என்ன கூத்து என்று நான் கேட்டேன். உள்ளே ஒரு ஆள் நிற்கிறது என்று தெரிந்தால்தான் வெளியே திருகுகிறவன் கை சூட்சிக்கும் என்றார். ஜாக்கிரதையாக இருப்பதை எங்கள் ஊரில் சூட்சிப்பது என்போம்.

காஞ்சிரங்குளத்துச் சரசம்மா வீட்டில் அதை நான் நேரில் பார்த்தேன். சரசம்மா தனியாக இருக்கிறவர். ஜாக்கியெல்லாம் வரிசை வைத்த பிறகு அவருக்குப் பேடி பிடித்துவிட்டது, பயத்தைத்தான் சொல்கிறேன். வீடு விழுந்தால் நான் எங்கே போவேன் என்று நடைக் கதவைப் பிடித்துக்கொண்டு ஒரே அழுகை. இவர் அவசரமே படவில்லை. உட்கார்ந்து, கதவு நிலையைத் தடவிப் பார்த்து, இந்தத் தேக்கு இப்ப தேடினாலும் கிடைக்காது என்றார். முற்றத்து முல்லையைப் புகழ்ந்தார். போட்டோவிலிருந்த புருஷனின் மீசையைப் புகழ்ந்தார். பிறகு சுவரைக் கையால் தட்டி, இது வீடில்ல அம்மா, இரும்பாக்கும் என்றார். சரசம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுக்களைக்குப் போனார். கட்டனோடு வெளியே வந்து, அப்ப எப்ப தூக்குவிய என்று கேட்டார். தூக்கியாச்சு அம்மா என்றார் பொன்னப்பன் அண்ணன். அந்த அம்மாள் தட்டைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது இப்போதும் என் காதில் இருக்கிறது.

ஊர் வீடெல்லாம் இரும்பு. எங்கள் வீடு? அதைத்தான் சொல்ல வருகிறேன்.

எங்கள் வீடு ரோட்டுக்குக் கீழே குழியில் கிடந்தது. வைகாசி நடுவில் தொடங்குகிற இடவப்பாதி மழையிலும் ஐப்பசி மழையிலும் தண்ணீர் கேட்டைத் திறக்காமலே உள்ளே வரும், கட்டிலுக்கு அடியில் செருப்பு மிதக்கும். அஜிஷாவைக் கைப்பிள்ளையாக வைத்திருந்தபோது, முந்திரிப் பருப்பு உடைக்கிற அண்டியாபீசில் நான் வேலை பார்த்துக் கட்டிய வீடு அது. சிமெண்டு வாங்கத் தெம்பில்லை. செங்கல், மண் சாந்து. கட்டியவர் பொன்னப்பன் அண்ணன். கல் சுமந்தது நான். முந்திரி எண்ணெய் பட்டுக் கறுத்த இந்தக் கையாலேயே ஒவ்வொரு கல்லையும் எடுத்துக் கொடுத்தேன். அந்த வீட்டைப் பற்றி இந்த மனிதர் ஒருநாள், ஒரே ஒருநாள், நல்லதாக ஒரு வார்த்தை சொன்னதில்லை. காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. இவருக்கு மட்டும் பக்கத்து வீட்டுக் குஞ்சுதான் பொன்.

எப்போது தூக்குவீர்கள் என்று கேட்டால், கையில் இருக்கிற வேலை முடியட்டும் என்பார். ஒரு வேலை முடிவதற்குள் இன்னொன்று வந்துவிடும். போன இடவப்பாதியில் தண்ணீர் அடுக்களை வரைக்கும் வந்து கேஸ் அடுப்பை நனைத்தது. நான் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீரை இறைத்துக்கொண்டிருந்தேன். இவரும் கூட நின்று இறைத்தார். இறைத்துக்கொண்டே, இடிச்சிட்டுப் புதுசா கெட்டலாமா ரத்தினம் என்றார்.

கையிலிருந்த பக்கெட்டை அவர் மேல் எறியாமல் விட்டது கர்த்தரின் கிருபை. வெள்ளரடை முதல் கடற்கரை வரைக்கும் எவர் வீட்டையும் இடிக்க விடாத மனிதர், என் வீட்டை இடிக்கலாம் என்கிறார். அன்று நான் பேசியதையெல்லாம் இங்கே எழுதினால் சபையில் என் பேர் கெட்டுப்போகும். சுருக்கம் இதுதான்: ஐப்பசி மழைக்கு முன்னால் இந்த வீடு எழும்ப வேண்டும், இடிக்கிற பேச்சே கூடாது. மறுநாள் அவர் வழக்கம்போல வேலைக்குப் போனார்.

நான் பொன்னப்பன் அண்ணனுக்குப் போன் செய்தேன். ஒரு வீடு தூக்க வேண்டும், பார்க்க எப்போது வருவீர்கள் என்று மற்ற எல்லாரையும் போல முறையாகக் கேட்டேன்.  திங்களாழ்ச்சை எலியாவைக் கூட்டிக்கொண்டு வாறேன் என்றார் அண்ணன்.

திங்கட்கிழமை காலையில் புது வீடு பார்க்கப் போகணும் என்று இவர் உடுத்துக் கிளம்பிப் போனார். பொன்னப்பன் அண்ணன் வீட்டிலிருந்து பிக்கப் வண்டியில் ஏறியிருக்கிறார்கள். வண்டி வளைந்து வளைந்து வந்து எங்கள் கேட்டில் நின்றது. நான் நல்ல சேலை உடுத்து, கை கூப்பிக்கொண்டு நின்றேன். வாங்க, இருங்க, கட்டன் குடிக்குவியளா என்று கேட்டேன். பொன்னப்பன் அண்ணன் வானத்தைப் பார்த்தார். ஜார்கண்டுப் பையன்கள் பின்னால் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டார்கள். இவர் வண்டியிலிருந்து இறங்கின இறக்கம், பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுப் பிடிபட்டவன் இறக்கம்தான்.

ஆனாலும் வேலை என்று வந்தால் வேலைதான். சுற்றி வந்து ஒவ்வொரு சுவரையும் தட்டி, காதை வைத்துக் கேட்டார். நான் பின்னாலேயே நடந்தேன். இரும்பாக்கும் என்கிற அந்த ஒரு சொல்லுக்காகத்தான். வரவில்லை. எல்லாம் பார்த்து முடித்து, கட்டனைக் குடித்து, கண்ணாடி டம்ளரைத் திண்டில் வைத்துவிட்டு, மண்ணாக்கும் என்றார். அவ்வளவுதான். பொன்னப்பன் அண்ணன்தான் இடையில் புகுந்து, மண் சாந்தைச் சுரண்டி எடுத்துச் சிமெண்டு பூசி இறுக்கலாம், ஜாக்கியை இன்னும் நெருக்கி வைக்கலாம் என்று சொல்லி வேலையை எடுத்தார்.

ஆடி முழுக்கப் பூச்சு வேலை நடந்தது. ஆவணியில் அடிமண் தோண்டி ஜாக்கி வைத்தார்கள். இவர் முகத்தில் சிரிப்பே இல்லை. சாப்பாட்டைக் குறை சொன்னார். என் மீன் குழம்பைக் குறை சொல்லி அதற்கு முன் ஒருநாளும் கேட்டதில்லை. முதல் திருகல் என்று வைத்த நாளன்று காலையில் ஒரு பையில் என் மாற்றுச் சேலையை அவரே மடித்து வைத்துக்கொண்டு வந்து நின்றார். காட்டாக்கடையில் தங்கச்சி வீட்டில் போய் இருந்துகொள், முடிந்ததும் கூப்பிடுகிறேன் என்றார்.

எனக்கு உச்சந்தலை காந்தியது. கட்டன் யார் போடுவார்கள் என்றேன். கடையில் வாங்கிக்கொள்ளலாம் என்றார். எல்லா வீட்டிலும் வீட்டுக்காரியை உள்ளே நிறுத்துகிறவர் என்னை மட்டும் ஏன் பஸ் ஏற்றி விடுகிறீர்கள், நான் என்ன இந்த வீட்டுக்கு வேண்டாதவளா என்று கேட்டேன். ஜாக்கிகளின் முன்னால் குத்தவைத்திருந்த பையன்கள் எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். இவர் பையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார்.

"மத்த வீட்டுல ஆளு உள்ள நின்னா திருகுறவன் கை சூட்சிக்கும், ரத்தினம். இஞ்ச நீ நின்னா எனக்க கையாக்கும் வெறைக்கும்."

அப்போதுதான் எனக்கு விளங்கியது.  ஊர் முழுக்க இரும்பு இரும்பு என்று சொல்லித் திரிகிற மனிதர், இந்த வீட்டில் மட்டும் ஏன் அதைச் சொல்லவில்லை என்று இத்தனை வருஷம் மனசுக்குள் நான் வழக்கு நடத்தியது எதற்கு என்று எனக்கே சிரிப்பு வந்தது. மற்றவர்களிடம் தைரியத்துக்காகச் சொல்லுகிற வார்த்தையை என்னிடம் சொல்லி என்னை உள்ளே நிறுத்த அவருக்கு மனம் வரவில்லை. அதற்கு நல்லதாக ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்றிருந்தது. ஆனால் எனக்கு யாரையும் புகழ்ந்து பழக்கமில்லை. எங்கள் குடும்பத்தில் எவருக்கும் அந்தப் பழக்கம் கிடையாது, என் அம்மை பைபிளில் தாவீது ராஜாவையே குறை சொல்வாள்.

பையை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டு வீட்டுக்குள் போனேன். கதவை அடைத்து உள்தாழ்ப்பாள் போட்டேன். அடுக்களை ஜன்னலைத் திறந்து பேசலாம் என்றால் அது பல மழைக்காலமாக ஊறி இறுகிப்போய்த் திறக்காத ஜன்னல். அதனால் மூடிய ஜன்னலுக்குப் பின்னால் நின்று, எல்லாருக்கும் கேட்கும்படிச் சொன்னேன்:

"அஜிஷாக்க அப்பா, கேளுங்க. உங்களுக்கு ரேஷன் கடையில நல்ல அரி பாத்து வாங்கத் தெரியாது. குடையை பஸ்ஸுல விடாம வீடு வந்து சேரத் தெரியாது. வீடு தூக்கத் தெரியும். இந்தச் சுவரு ஒவ்வொரு கல்லும் நான் எடுத்துக் குடுத்ததாக்கும், அது எனக்குத் தெரியும். நான் கட்டன் போடப் போறேன். தண்ணி திளைக்கதுக்குள்ள தூக்குங்க."

 வெளியே பொன்னப்பன் அண்ணன் சிரித்தது கேட்டது. சிரிக்காத மனிதர் அவர், அவர் சிரித்ததும் பையன்கள் எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பின் கூட்டத்தில் என் வீட்டுக்காரர் சிரிப்பும் இருந்தது, அது எனக்குத் தனியாகத் தெரியும். அடுப்பைப் பற்ற வைத்தேன். விசில் அடித்தது.

வீடு எழும்புவது உள்ளே இருக்கிறவருக்குத் தெரியாது என்று சரசம்மா வீட்டில் பார்த்து நான் நினைத்தது தப்பு. எனக்குத் தெரிந்தது. உள்ளங்காலில் ஒரு குறுகுறுப்பு. பாத்திரத்தில் தண்ணீர் நடுங்கியது. ஓட்டிலிருந்து ஒரு பல்லி விழுந்து, எழுந்து, என்னை முறைத்துவிட்டுப் போனது. இன்னொரு விசில். இன்னொரு திருகல். நான் தேயிலையைப் போட்டேன். அப்போது சுவரில் சடார் என்று ஒரு சத்தம் கேட்டது.

விசில் நின்றது. எல்லாம் நின்றது. ரத்தினம் என்று ஒரு கூப்பாடு, ஓடி வருகிற காலடி.  மெல்லத் திரும்பிப் பார்த்தேன். சுவரில் ஒரு கீறல் இல்லை. ஊறி இறுகிப்போய்க் கிடந்த அந்த ஜன்னல்தான். குழியில் சரிந்திருந்த சுவர் நிமிர்ந்ததும் நிலைச்சட்டம் நேராகி, கதவு இரண்டும் தானாகத் தெறித்துத் திறந்திருந்தன. வெளியே என் வீட்டுக்காரர் நின்றார். முகத்தில் ரத்தமில்லை. உள்ளே நான் கட்டன் கரண்டியோடு நின்றேன். ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். பிறகு எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்க முடியவில்லை. அவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே சிரித்தார், கண்ணிலிருந்து தண்ணீர் வழிய வழியச் சிரித்தார். கட்டன் பொங்கி அடுப்பில் விழுந்தது. மறுபடி போட்டேன். அந்த ஜன்னல் வழியாகவே எல்லாருக்கும் எடுத்துக் கொடுத்தேன்.

அதற்குப் பிறகு வேலை கல்யாண வீடு மாதிரி நடந்தது. ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாக எழும்பி, புரட்டாசி கடைசியில் வீடு என் இடுப்பளவுக்கு மேல் ஏறி நின்றது. ரோட்டில் போகிறவர்கள் என்னைப் பார்க்க இப்போது நிமிர்ந்து பார்க்க வேண்டும். எனக்கு அது போதும்.

ஸ்தோத்திர ஜெபத்துக்குச் சபையைக் கூப்பிட்டோம். அஜிஷா லீவு போட்டு வந்தாள். சரசம்மா காஞ்சிரங்குளத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வந்தார். போதகர் பைபிளோடு முற்றத்தில் வந்து நின்று, வாசலை அண்ணாந்து பார்த்தார். பிறகு, எப்படி ஏறுவது என்று கேட்டார்.

கர்த்தாவே, படி இல்லை. பழைய படி அடியில் புதைந்துபோயிற்று. புதுப் படி கட்டவே இல்லை. எந்த வீட்டுக்கு வேலைக்குப் போனாலும் முதல் நாளே வீட்டுக்காரரிடம், படிக்குக் கல் இறக்கிவிடுங்கள், கொத்தனை இப்போதே சொல்லி வையுங்கள் என்று இவர் சொல்லுவார். எங்கள் வீட்டில் அதை யாரிடம் சொல்வது? வீட்டுக்காரி பார்த்துக்கொள்வாள் என்று அவர் இருந்தார். தூக்குகிறவர் பார்த்துக்கொள்வார் என்று நான் இருந்தேன். அத்தனை நாளும் பலகை வைத்து ஏறி இறங்கியதில் எங்கள் இரண்டு பேருக்கும் அது தோன்றவே இல்லை. பொன்னப்பன் அண்ணன் நெற்றியில் அடித்துக்கொண்டு, பங்சர் கடையின் பழைய லாரி டயர்களைப் பையன்களைக் கொண்டு உருட்டி வந்து அடுக்கினார். போதகர் அங்கியைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு டயர் மேல் டயராக ஏறினார். ஐயா ஏறுறதைப் பாத்தா காலேஜ் பையன் தோத்துப்போவான் என்றார் என் வீட்டுக்காரர். போதகர் அடுத்த டயரில் துள்ளி ஏறி விழப் பார்த்தார். சரசம்மாவை இரண்டு பேர் கைகொடுத்து ஏற்றினார்கள். மேலே வந்து மூச்சு வாங்கிக்கொண்டு, சுவரைத் தட்டி, இரும்பாக்கும் என்றார் அவர். வீடே சிரித்தது. அன்று பாடிய பாட்டில் ஒருவருக்கும் சுருதி நிற்கவில்லை.

ஐப்பசி பிறந்து ஆறாம் நாளோ ஏழாம் நாளோ மழை பிடித்தது. மத்தியானம் தொடங்கி நிற்காமல் கொட்டியது. தண்ணீர் ரோட்டிலிருந்து வழக்கம்போலக் கேட்டுக்கு அடியில் நுழைந்து, முற்றத்தைச் சுற்றி வந்து, தெரிந்த வாசலைத் தேடியது. வாசல் மேலே இருந்தது. நாங்கள் இரண்டு பேரும் நடையில் உட்கார்ந்து, காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு, கையில் கட்டனோடு அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு பழைய செருப்பு மிதந்து வந்து எங்கள் காலுக்குக் கீழே போனது.

இப்போது சொல்லுங்கள், என் வீடு எப்படி என்று கேட்டேன். ஜாக்கி போடுவதற்கு இதைவிட நல்ல நேரம் அவருக்குக் கிடைக்காது. அவர் சுவரில் கையை வைத்துச் சற்று யோசித்தார்.

"மண்ணாக்கும், ரத்தினம்," என்றார். "நீ சுமந்த மண்ணு."

 டம்ளரை வாங்கி மறுபடி நிறைத்துக் கொடுத்தேன்.

படி இன்னும் கட்டவில்லை. இறக்கிய கல் சக்கை மரத்தடியில் பாசி பிடித்துக் கிடக்கிறது. அவருக்கு மற்றவர் வீடுகள் இருக்கின்றன, நேரமில்லை. ஊரில் எல்லாரும் கேட்கிறார்கள், ரத்னபாய் ஏன் இதற்கு மட்டும் சண்டை போடவில்லை என்று. காலையில் வேலைக்குப் போவதற்கு முன்னால் அவர் முதலில் கீழே குதித்து, டயரில் ஒரு காலை ஊன்றி நின்று, இரண்டு கையையும் எனக்காக நீட்டுகிறார். கல்யாணம் ஆகி இத்தனை வருஷத்தில் அப்படி நீட்டியதில்லை. படிக்கு ஒன்றும் அவசரமில்லை.